எஃகுத் தும்பியின் கொண்டை

அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது வாழ்ந்துவந்தது. பள்ளியிலும் தெருவிலும் அவர் 'மெதுவா டீச்சர்'. இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் குழந்தை எது தடுமாறினாலும், "மெதுவா, மெதுவா, சொல்லு எங்கயும் ஓடிடாது" என்பது அவர் வழக்கம். தலைமுடியைப் பின்னந்தலையில் உருண்டைக் கொண்டையாக முடிந்து, அதில் ஒரு பென்சிலைக் குறுக்காகச் செருகியிருப்பார். புதிய வாசிப்பு நூல் எதுவாயினும், அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்லுமுன் வீட்டில் அடுப்பருகே நின்று முழுவதும் உரக்க வாசித்துப் பார்ப்பார். தம் நாவே தடுக்கும் இடத்தில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி ஒரு புள்ளி இடுவார். பேருந்து நடத்துநரான அவர் கணவர், "இந்த வருஷமாவது ரெண்டாங்கிளாஸ் பாஸ் பண்ணிடுவியா?" என்று ஆண்டுதோறும் கேட்பார். "மார்க் போடறவங்க நல்லவங்களா இருந்தா பண்ணிடுவேன்" என்று ஆண்டுதோறும் விடை வரும்.

அவ்வாண்டு அக்கேள்விக்கு இடமில்லாமற் போயிற்று. பள்ளி திறந்தது, வாசிப்பு நூல் வரவில்லை.

காரணத்தைப் பாடநூல் நிறுவனத்தின் சுற்றறிக்கை தெளிவாகவே விளக்கியிருந்தது. பிள்ளைகள் பாடநூலை விருப்பமின்றியும் படக்கதைப் புத்தகங்களை மிகுந்த விருப்பத்தோடும் வாசிக்கின்றனர் என்பது ஆய்வில் தெரியவந்தமையால், பழைய நூல் திரும்பப் பெறப்படுகிறது. படக்கதைகளில் வரும் அதிவீரர் ஒருவரைக் கொண்டு புதிய நூல் இயற்றப்படும். அதே தாளின் மறுபக்கத்தில் மற்றொரு கட்டளை இருந்தது. பாடவேளையில் படக்கதைப் புத்தகம் வாசிப்பவர் எவராயினும், அதனை ஆசிரியர் பறிமுதல் செய்து, கல்வியாண்டு முடியும்வரை தம் பொறுப்பில் வைத்திருந்து, அதன்பின் நிறுவனத்தின் அதிவீர ஆய்வுத் துறைக்கு அனுப்புதல் வேண்டும். இரு பக்கங்களிலும் ஒரே இயக்குநர் ஒரே மையால் கையொப்பமிட்டிருந்தார்.

பழைய நூல்கள் கட்டுக்கட்டாகத் தலைமையாசிரியர் அறைப் பீரோவுள் சென்றன. ஆண்டிறுதி வாசிப்புத் தேர்வை மட்டும் எவரும் திரும்பப் பெறவில்லை. அதில் தேறாத பிள்ளை மறு ஆண்டும் அதே பெஞ்சில் அமர வேண்டியதுதான்.

அவ்வாறு அமரப் போகிறவள் யார் என்பதில் பள்ளியில் எவருக்கும் ஐயமில்லை. தையற்கடைக்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பாளாதலால் அவளுக்கு 'அப்புறம்' என்பதே பெயராயிற்று. கதை கேட்கக் காது இருந்ததேயன்றி, எழுத்தைப் பார்க்கக் கண் இல்லை அவளுக்கு. கரும்பலகையை அவள் பார்ப்பது, மழை நின்றுவிட்டதா என்று சன்னலைப் பார்ப்பது போல் இருக்கும்.

ஒருநாள் கடையில் துணி தைக்கக் கொடுத்தவர் எவரோ மறந்து வைத்துப்போன படக்கதைப் புத்தகம் ஒன்று அவள் கைக்கு வந்தது. அட்டை கிழிந்தது; பெயர், 'எஃகுத் தும்பி.' இரும்புச் சிறகும் பச்சை மேலங்கியும் முகமூடியும் அணிந்து, இடருற்றோரைக் காக்கும் வீரன் அவன். அடுத்த நாள் பாடவேளையில் மேசைக்கடியில் அவள் விரல் ஊர்வதை மெதுவா டீச்சர் கண்டார். "எ… ஃ… கு…" என்று உதடு அசைந்தது. அதற்குமுன் ஒரு சொல்லையும் முழுதாகக் கூட்டி அறியாத பிள்ளை! அம்மையார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே எழுதிய வாக்கியத்தையே மறுபடியும் மிக மெதுவாக எழுதலானார். ஒரு வாரம் இவ்வாறே கழிந்தது. கரும்பலகை அவ்வளவு அழகாக எக்காலத்தும் எழுதப்பட்டதில்லை.

அதன்பின் தலைமையாசிரியர் மேற்பார்வைக்கு வந்தார். எஃகுத் தும்பி மணிக்கூண்டின் முள்ளை ஒற்றைக் கையால் பற்றித் தொங்கும் பக்கத்தில் அப்புறத்தின் விரல் நின்றிருந்தபோது புத்தகம் பறிக்கப்பட்டது. ஆண்டு முடியும்வரை ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும் என்ற விதியை அம்மையார் நினைவூட்டினார். தலைமையாசிரியரோ நல்ல பெயர் எடுப்பதில் அவசரக்காரர். அன்று பிற்பகலே அதனை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, மாவட்டத்தில் முதல் பறிமுதல் தம்முடையதே என்று பாராட்டும் பெற்றார்.

"அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்? விழுந்துட்டானா?" என்று மறுநாள் அவள் கேட்டாள்.

"எனக்கும் தெரியலையேம்மா."

"கேட்டுச் சொல்லுங்க."

"யாரைப் போய்க் கேக்கறது?"

"எடுத்துட்டுப் போனவங்களைத்தான். அது தெரியாம நான் வேற எதையும் படிக்க மாட்டேன்."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அம்மையார் அட்டைகளில் சொற்கள் எழுதிக் காட்டினார். கதை கட்டிச் சொன்னார். பிள்ளை காது கொடுத்தாள், கண் கொடுக்கவில்லை. மணிக்கூண்டில் ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கும்போது பூவையும் புறாவையும் எழுத்துக்கூட்ட அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

இந்நிலையில் நிறுவனத்திலிருந்து அம்மையாருக்கு ஓர் ஆணை வந்தது. நூலாக்கக் குழுவில் வகுப்பறை அனுபவம் உள்ள ஒருவர் இருத்தல் வேண்டுமென்பது விதி. அவ்விடத்துக்கு முன்பு அமர்த்தப்பட்டிருந்தவர் முதற்கூட்டத்தின் தேதிக்காகக் காத்திருந்தே ஓய்வுபெற்றுவிட்டார். அம்மையார் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் வந்து குழுவில் அமர வேண்டும். நூலைச் சீக்கிரம் வரச் செய்யலாம், பறிபோன புத்தகத்தைப் பற்றியும் விசாரிக்கலாம் என்றெண்ணி அவர் மகிழ்ந்தே சென்றார்.

கூட்ட அறையில் நீண்ட மேசையொன்று இருந்தது. அதன் தலைமாட்டில் இயக்குநர். ஒருபுறம், அதிவீரர்களின் மேலங்கியை மட்டுமே தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து புகழ்பெற்ற பேராசிரியர்; அவரை மேலங்கியார் என்றே அனைவரும் அழைத்தனர். மறுபுறம் முகமூடியை ஆராய்ந்த பேராசிரியை, அவர் முகமூடியம்மை. ஒருவர் கழுத்துக்குக் கீழும் மற்றவர் கழுத்துக்கு மேலும் தலையிடுவதில்லை என்று இருவருக்குமிடையே நெடுநாளைய உடன்படிக்கை. கழுத்து யாருடையது என்பதில் மட்டும் வழக்கு நிலுவையில் இருந்தது. அம்மையாரின் நாற்காலி கதவருகே போடப்பட்டிருந்தது. கதவு திறக்கப்படும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தமையால், ஒவ்வொரு தேநீர்க் கோப்பைக்கும் மரியாதை செய்பவர் போல் காணப்பட்டார்.

முதற்பாடத்தை எழுதித் தருமாறு அவரையே பணித்தார்கள். அவர் முந்தைய இரவே எழுதி, அடுப்பருகே நின்று வாசித்தும் பார்த்திருந்தார். "பூனை மரத்தில் ஏறியது. அதற்கு இறங்கத் தெரியவில்லை. பூனை பயந்து அழுதது. எஃகுத் தும்பி பறந்து வந்தான். பூனையைக் கீழே இறக்கினான்." அவ்வளவே.

நல்ல தொடக்கம் என்று எல்லாரும் பாராட்டினர். பிறகு ஆராய்ந்தனர்.

மேலங்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமை மேலங்கியாரை வருத்திற்று. மேலங்கி அணியாதவன் பறந்து வந்தான் என்று பிஞ்சு மனத்தில் பதிந்துவிட்டால், பிற்காலத்தில் அதனைப் பிடுங்க எத்தனை கருத்தரங்குகள் வேண்டும் என்று அவர் வினவினார். முகமூடியம்மைக்கோ வேறு கவலை. முகமூடியின் நோக்கமே அணிந்தவன் யாரென்று தெரியாதிருத்தல். அவ்வாறிருக்க, பாடத்தில் பெயரைப் போட்டுக் காட்டிக்கொடுப்பது முறையாகுமா? பெயர் நீக்கப்பட்டது. பறத்தல் என்பது மேலங்கியின் செயலா, சிறகின் செயலா என்பது முடிவாகாமையால், அது முடியும்வரை அவன் நடந்து வருவானாக என்று தீர்மானித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, பெயரில்லாத ஒருவன் நடந்து வந்து பூனையைத் தூக்குவது திருட்டைப் போல் தோன்றுகிறதே என்று இயக்குநர் ஐயுற்றார். ஆகவே அவனே நீக்கப்பட்டான். அவன் வாராமையால் பூனை இறங்க வழியில்லை. முடிவின்றி அழும் பூனை பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்துமாதலின், பூனையும் ஏறாதிருப்பதே நலமென்று கருதினார்கள்.

பனிக்காலம் வருமுன் பாடம் இறுதி வடிவம் பெற்றது. அது வருமாறு: "மரம் இருந்தது."

இதற்கு மேலங்கியார் எழுதிய முன்னுரை முப்பது பக்கம். அதற்கு மறுப்பாக முகமூடியம்மை எழுதிய முன்னுரை முப்பத்தொரு பக்கம். ஓவியப் பிரிவினர் படம் அனுப்பியிருந்தனர். அது ஒரு கப்பல். பாடத்தைப் படித்துவிட்டு வரைந்தால் முன்முடிவுக்கு இடமாகும் என்பதனால், படிக்காமலே வரைவது அப்பிரிவின் நெடுநாளைய வழக்கமாம். கப்பலை மாற்ற இயலாது. ஆனால் பயிற்சி வினாவாக 'மரம் எங்கே?' என்று கேட்டுவிடலாம் என்றார் இயக்குநர். அம்மையார் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். புள்ளி இட இடமில்லாமையால் மீண்டும் செருகிக்கொண்டார்.

அன்று கூட்டம் கலைந்தபின் அவர் மேலங்கியாரிடம் சென்று, தம் பள்ளியிலிருந்து வந்த புத்தகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மேலங்கியார் முகம் மலர்ந்தது. இத்துறையின் ஆவணக் காப்பகம் முழுவதும் பிள்ளைகளிடமிருந்து பறித்த நூல்களாலேயே ஆனது என்றும், பறிமுதல் ஓராண்டு நின்றால் இருவர் முனைவர் பட்டம் பெற இயலாது என்றும் பெருமையோடு கூறி அழைத்துச் சென்றார்.

குளிரூட்டிய அறை அது. வெள்ளைக் கையுறை அணியக் கொடுத்தார்கள். கண்ணாடி மூடியிட்ட பெட்டியிலிருந்து எஃகுத் தும்பியை மேலங்கியார் ஒரு கைக்குழந்தையைப் போல் எடுத்து வைத்தார்.

அம்மையார் முதற்பக்கத்தைப் புரட்டித் திகைத்தார். எஃகுத் தும்பியின் பின்னந்தலையில், அப்பக்கத்துப் படந்தோறும், யாரோ பென்சிலால் ஓர் உருண்டைக் கொண்டை வரைந்திருந்தார்கள். கொண்டையின் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் முனை கவனமாகச் சீவப்பட்டிருந்தது.

"இதைத்தான் நான் ரெண்டு வருஷத்துக்கு ஆராயப் போறேன். 'கொண்டையும் ஈட்டியும்'னு தலைப்பு. வீரனோட பின்தலையில அதிகாரம் உருண்டு திரண்டு உக்காந்திருக்கு, பாத்தீங்களா? அதைக் குத்தற ஈட்டிதான் மக்கள். இது கழுத்துக்கு மேலன்னு அந்தம்மா உரிமை கொண்டாடுறாங்க. ஆனா பின்பக்கம், மேலங்கி விழுற பக்கம்" என்றார் மேலங்கியார்.

அம்மையாரின் கை தன்னையறியாமல் பின்னந்தலைக்குச் சென்றது. "சார், இது எங்க வகுப்புப் பொண்ணு வரைஞ்சது. ஏழு வயசு. வேணும்னா வந்து அவகிட்டயே கேளுங்களேன்."

"ஐயோ, வேண்டாம்மா. வரைஞ்சவங்க உயிரோட இருக்கறதே ஆய்வுக்கு இடைஞ்சல். அதுல அவங்க பேசவும் செஞ்சுட்டாங்கன்னா நாங்க என்னத்தை எழுதறது?"

அவர் குரலில் துளியும் ஏளனம் இல்லை. உண்மையான அச்சமே இருந்தது. அம்மையார் அதனை விடுத்து, வந்த காரியத்தைக் கேட்டார்: மணிக்கூண்டில் தொங்கினானே, அதன்பின் என்னவாயிற்று?

மேலங்கியார் தம் கையுறையின் விரல்களைச் சரிசெய்துகொண்டார். பிறகு, முடிவைப் படித்தால் ஆய்வாளன் கதையின் பக்கம் சாய்ந்துவிடுவான் என்பதனால், தம் முப்பதாண்டு ஆய்வில் எந்தப் படக்கதையையும் இறுதிவரை தாம் படித்ததில்லை என்றார். அம்மையார் தாமே அப்பக்கத்தைத் திருப்பப் போனபோது, முனைவர் பட்டம் இல்லாதவர் ஒரு வருகையில் ஒரு பக்கம் மட்டுமே பார்க்கலாம் என்று பணிவோடு தடுத்தார். பெட்டி மூடப்பட்டது. மூடுமுன் மேலங்கியார் அந்தக் கடைசிப் பக்கங்களின் விளிம்பைத் தடவிப் பார்த்ததை அம்மையார் கவனிக்கத் தவறவில்லை.

"கேட்டீங்களா டீச்சர்?" என்றாள் அப்புறம், திங்கட்கிழமை.

"கேட்டேம்மா. அவங்களுக்கும் தெரியாதாம்."

"அவங்ககிட்டதானே இருக்கு?"

 அம்மையார், "மெதுவா" என்று மட்டும் சொல்லிவைத்தார். யாரை மெதுவாகப் போகச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

கல்வியாண்டு பாதியைத் தாண்டியது. அச்சுக்குப் போகுமுன் நூலை ஒருமுறை வகுப்பில் வாசித்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியொன்று எஞ்சியிருந்தது. தம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வரட்டுமா என்று அம்மையார் கேட்டதற்கு, இயக்குநர் எழுந்து நின்று விடையளித்தார்.

"டீச்சர், உங்க ஆர்வம் எனக்குப் புரியுது. ஆனா குழந்தைகளை வெச்சு சோதிச்சா, முடிவு குழந்தைகளைச் சார்ந்ததாப் போயிடும். நமக்கு வேண்டியது நடுநிலை. தவிர, புத்தகம் நல்லாயில்லைன்னு ஒரு குழந்தை சொல்லிட்டா அதை என்ன பண்றது? அதுக்கு விதியே இல்லை. இந்த நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு புத்தகமும் சோதனையில தோத்ததில்லை. அந்தப் பெருமையை ரெண்டாங்கிளாஸ் பசங்க கையில கொடுக்க முடியுமா?"

ஆகவே, வழக்கப்படி குழு உறுப்பினர்களும் துறையினருமே மாணவராக அமர்வதென்று முடிவாயிற்று. சோதனை முடியும்வரை அவர்கள் எல்லா விதிகளுக்கும் மாணவர் என்றே கருதப்படுவர் என்றும், அம்மையாரே ஆசிரியர் என்றும் இயக்குநர் கையொப்பமிட்டு ஆணை பிறப்பித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, இரண்டாம் வகுப்புப் பெஞ்சுகள் பள்ளியிலிருந்து வண்டியில் வந்து இறங்கின. கல்வியாளர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க அமர்ந்தனர். இயக்குநர் முதல் பெஞ்சில் இடம்பிடிக்கப் பையை முன்னதாகவே போட்டு வைத்திருந்தார். மேலங்கியார் மட்டும் கடைசி பெஞ்சை நாடினார். சோதனைக்குப் பின் நடக்கவிருந்த விழாவுக்குக் காட்சிப்பொருளாக வைக்கவென்று காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி அவர் மடியில் இருந்தது.

அம்மையார் கரும்பலகை முன் நின்று வாசித்தார். "மரம் இருந்தது." வகுப்பு திரும்பச் சொல்லிற்று: "மரம் இருந்தது." அத்துடன் பாடம் முடிந்தமையால் முன்னுரையைத் தொடங்கினார். மூன்றாம் பக்கம் வருமுன் முகமூடியம்மை எழுந்து அடிக்குறிப்பொன்றை மறுத்தார். இயக்குநர், தம் தோளில் யாரோ பேனாவால் குத்துவதாகப் புகார் செய்தார். குத்தியவர் துணை இயக்குநர். அவர், பெஞ்சில் இயக்குநர் தம் எல்லையைத் தாண்டி அமர்ந்திருப்பதாகச் சொன்னார். இருவரையும் தனித்தனியே உட்கார வைக்க வேண்டியதாயிற்று. ஒருவர் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்க, நால்வருக்குத் தாகம் எடுத்தது. "சத்தம் போடாம உக்காருங்க" என்று அம்மையார் தம்மையும் மறந்து ஓர் அதட்டல் போட்டார். அறை அடங்கியது.

அடங்கிய அறையில்தான் அந்த ஒலி கேட்டது. தாள் திரும்பும் ஒலி.

அவர் ஓசையின்றிக் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். மேலங்கியார் கவனிக்கவில்லை. முன்னுரை அவர் எழுதியதே. ஆயினும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்க அவராலும் முடியவில்லை. மேசைக்கடியில் பெட்டி திறந்து கிடந்தது, கையுறையைக் காணோம், வெறும் விரல் ஒன்று சொற்களின் கீழ் ஊர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. மணிக்கூண்டின் முள் வளைந்து, கொண்டை போட்ட எஃகுத் தும்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன படிக்கிறீங்க?"

மேலங்கியார் திடுக்கிட்டுப் புத்தகத்தைக் கையால் மூடினார். முப்பதாண்டுப் புகழ் பெற்ற முகம் சிவந்துபோயிற்று. "ஒண்ணுமில்லை டீச்சர்."

"குடுங்க."

"டீச்சர், இன்னும் ரெண்டே பக்கம்தான். அப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்துட்டு…"

அந்தச் சொல்லைக் கேட்டு அம்மையார் ஒரு கணம் நின்றார். பிறகு கையை நீட்டினார். மேலங்கியார் கொடுத்துவிட்டார்.

முதல் பெஞ்சிலிருந்து இயக்குநர் எழுந்தார். அது நிறுவனத்தின் உடைமை என்றும், உடனே பெட்டிக்குள் திரும்ப வைக்க வேண்டும் என்றும் உரைத்தார். அம்மையார் அவரை முதலில் உட்காரச் சொன்னார், அவரும் உட்கார்ந்தார். பாடவேளையில் படக்கதை வாசிப்பவர் எவராயினும் ஆசிரியர் பறிமுதல் செய்தல் வேண்டும் என்ற கட்டளையை அம்மையார் நினைவூட்டினார். கல்வியாண்டு முடியும்வரை அது அவ்வாசிரியரின் பொறுப்பிலேயே இருக்கும் என்ற பகுதியையும் சொன்னார். இயக்குநர் சுற்றறிக்கையை வரவழைத்து முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். இரண்டிலும் தம் கையொப்பமே இருக்கக் கண்டு, அதனை மறுக்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

சோதனையில் நூல் வெற்றி பெற்றதாகக் கையொப்பமிட, பாடம் அச்சிட்ட ஒரு தாளை அம்மையாரிடம் நீட்டினார்கள். அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார். 'மரம் இருந்தது' என்ற வரியின் முடிவில், முற்றுப்புள்ளியின் பக்கத்தில், சிறிதாக இன்னொரு புள்ளி இட்டார். கையொப்பமிடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்து, படக்கதைப் புத்தகத்தைத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

கதவருகே மேலங்கியார் வந்து நின்றார். 

"டீச்சர்… விழுந்துடுவானா?"

"தெரியலை சார். நான் இன்னும் படிக்கலை" என்றார் அம்மையார். "இனிமே இங்க வரப் போறதில்லை. திங்கக்கிழமை முதல் பீரியட்ல, தையற்கடைக்காரர் பொண்ணு இதைச் சத்தமா வாசிக்கப் போறா. கொஞ்சம் மெதுவாத்தான் வாசிப்பா. தெரிஞ்சுக்கணும்னா வாங்க, கடைசி பெஞ்சுல இடம் இருக்கு."